மதினி சும்மா நடந்த கதை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, வெள்ளைத்தாய். எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பார்சல் எடை போடுகிற நேரம் போக, பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மினிபஸ் பிடித்து விளாத்திகுளம் ரோட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டோடு ஏதாவது திட்டும் கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது இது: "ஊரு உலகத்தப் பத்தியெல்லாம் எழுதுத. வயித்தக் கிழிச்சுத் தச்சிக்கிட்டு வந்து கெடக்கேன். என்னப் பத்தி நாலு வரி எழுதினா ஒன் பேனா தேஞ்சு போயிருமோ?"

ஒரு நிபந்தனையும் போட்டாள். எழுத எழுத அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எந்த எழுத்தாளனும் ஒத்துக்கொள்ளக் கூடாத நிபந்தனை. ஆனால் அண்ணன் வைத்த குழம்பு அப்போது என் தட்டில் இருந்தது. அதைச் சாப்பிடுவதைத் தள்ளிப்போட எதற்கு வேண்டுமானாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

தொடக்கம் ஒன்று: கோடை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது, வெள்ளைத்தாயின் வயிற்றைப் போல—

(வாசித்ததும் மதினி, "என் வயிறு வெடிக்கல தம்பி. டாக்டர் அளவெடுத்துல்லா வெட்டுனாரு" என்றாள். அடித்துவிட்டேன். அடித்த வரியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். உவமை எழுத ஆசை வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.)

தொடக்கம் இரண்டு: 1999 வைகாசியில், மதுரையில், வெள்ளைத்தாயின் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தார்கள்.

இது நின்றது. லேசில் நிற்கவில்லை. "அந்த வார்த்தை வேண்டாம்லே, கட்டின்னு மட்டும் போடு" என்று அண்ணன் கண்ணபிரான் தலையிட்டான். வந்தது அதுதானே, பேரைச் சொன்னதற்காகவா இன்னொன்று வரப்போகிறது என்று மதினி கேட்டாள். அண்ணன் எழுந்து போய் ஆட்டுத் தொழுவில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தான். காலையில்தான் கழுவியிருந்தான்.

2

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: பாரம் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். தினமும் நடக்க வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

முதல் இரண்டையும் மதினி அப்படியே கடைப்பிடித்தாள். கடைசியைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு. பிறந்ததிலிருந்து ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறாரே மனுஷன்.

தவறு இங்கேதான் நடந்தது. எங்கள் குடும்பத்தில் நடப்பது என்றால் மேய்க்கப் போவது. வேறு நடை எங்களுக்குத் தெரியாது. டாக்டருக்கோ இந்த நடை தெரியாது. தையல் பிரித்த கொஞ்ச நாளிலேயே, அண்ணன் மில்லுக்கு ஷிப்ட் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு கோமதியம்மாளிடம் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு மொத்த ஆட்டையும் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோமதியம்மாளும் மகராசியாகப் போய் வா என்று அனுப்பி வைத்தாள். ஓடைக்கரையில் தொரட்டிக் கம்பை உயர்த்தி, உடைமரக் கிளையில் மாட்டி, பழக்கத்தில் ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தாள்.

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ரத்தம், வானம், வட்டமிடும் கழுகு எல்லாம் இருந்தது. "ரத்தமே வரல. என்னத்துக்குக் கழுகு?" என்றாள். கழுகு பறந்துவிட்டது.)

வயிற்றுக்குள் கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்ததாம். கம்பைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஷிப்ட் முடிந்து தேடிக்கொண்டு வந்த அண்ணன் அங்கேதான் அவளைப் பார்த்தான்.

நல்லவேளை, உள்தையல் ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் டாக்டர் இந்த முறை நிதானமாக உட்கார வைத்துச் சொன்னார். மேலே தோல்தான் ஆறியிருக்கிறது, உள்ளே சதை கூடி வலுக்க மாதக்கணக்காகும், அதற்குள் இழுத்தாலோ தூக்கினாலோ தையல் வழியே குடல் பிதுங்கிவிடும், வயிற்றில் எங்கே புடைத்தாலும் உடனே வர வேண்டும். அப்புறம்தான் கேட்டார், நடக்கும்போது கையில் என்னம்மா வைத்திருந்தீர்கள் என்று.

3

இனி வெறுங்கையோடு நடக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எங்கள் ஊரில் எதிரே வருகிறவர்கள் "எங்க போறிய?" என்று கேட்காமல் தாண்ட மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ரேஷன் கடைக்கு, துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு, பஸ்ஸுக்கு. மதினி "சும்மா நடக்கேன்" என்றாள். ஒரு குடும்பப் பெண் காலையும் மாலையும் ரோட்டில் சும்மா நடக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? புருஷனோடு சண்டை என்று ஊர் முடிவு கட்டியது. கோமதியம்மாள் அண்ணனிடம் சமாதானம் பேசவே வந்துவிட்டாள்.

மதினி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள். வயிற்று வலியைத் தாங்குகிறவளால் இதைத் தாங்க முடியவில்லை.

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். தொழுவில் பல் போன ஒரு வெள்ளாடு உண்டு. பேர் கிழவி. எந்த வியாபாரிக்கும் கொடுக்க மதினி சம்மதிக்காத ஆடு. அதை அவிழ்த்து முன்னால் விட்டான். கயிறு வேண்டாம் என்றான், வெடுக்கென்று இழுத்துவிடும். கிழவிக்கும் கயிறு தேவைப்படவில்லை. மதினி நின்றால் நின்றது, உட்கார்ந்தால் அசைபோட்டது. கரிசலுக்குள் போனால் வெடிப்பில் கால் மாட்டும் என்று தார் ரோட்டு ஓரமாகவே இரண்டும் நடந்தன. (இரண்டும் என்று எழுதியதற்கு மதினியிடம் திட்டு வாங்கினேன். மாற்றவில்லை.)

யாராவது கேட்டால் இப்போது பதில் இருந்தது. "கெழவியக் காலாற விட்டுட்டு வாரேன்."

4

அண்ணன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது இதற்குப் பிறகுதான். ஆட்டு வியாபாரி சீனியிடம் மொத்த ஆட்டையும் விலை பேசிவிட்டான். ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை டெம்போ வரும் என்று ஏற்பாடு. முதல் வரைவில் அவனை வில்லனாக்கி முறுக்கு மீசை வைத்தேன். என் அண்ணனுக்கு மீசையே சரியாக முளைக்காது.

எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று மினிபஸ் நிற்கும் இடத்தில் வைத்துக் கேட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "தொழுவுல ஆடு கத்துனா அவ படுத்திருப்பாளாலே? இன்னொரு மட்டம் அவள அந்த மரத்தடியில பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

மீசையை எடுத்துவிட்டேன்.

மதினி அழவில்லை. "ஆடு போயிட்டா நான் எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பானையை மூடினாள். இரண்டு பேரும் சரியாக இருக்கிற கதையை எப்படி நகர்த்துவது? எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு வெறுமனே அவர்கள் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

நகர்த்தியது அவர்கள்தான். ஆட்டை விற்காமல் வைத்துக்கொள்வதென்றால், கிளை வெட்டுவதும் குட்டி தூக்குவதும் அண்ணன் பாடு, ஷிப்டுக்கு முன்னும் பின்னும். மதினி நின்ற இடத்தில் நின்று மேய்க்க வேண்டும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் தேவை, அவளுடைய குரல். முன்பெல்லாம் ஓடைக்கு அக்கரையில் மேய்கிற ஆடும் அவள் ஒரு குரல் கொடுத்தால் திரும்பும். குரலுக்குத் திரும்புகிற ஆட்டுக்குப் பின்னால் ஓட வேண்டாம், குனிய வேண்டாம், எதையும் இழுக்க வேண்டாம். ஆனால் அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டியது. வெட்டியதும் அங்கேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் கூப்பிட்டது தொண்டையைத் தாண்டவில்லை. ஆடுகள் அண்ணன் குரலுக்குப் பழகிவிட்டிருந்தன.

டெம்போ வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அக்கரையில் மேயும் ஆடு அவள் குரலுக்குத் திரும்பினால் சீனியை அனுப்பிவிடுவது. திரும்பாவிட்டால் அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

5

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குரல் பழக ஆரம்பித்தார்கள். அவர் தொட்டுப் பார்த்தார், இருமச் சொல்லிப் பார்த்தார். புடைப்பு இல்லை. மெதுவாகக் கூட்டலாம், இழுத்து வலித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றார். நோய் மறுபடி வருமா என்பதற்கு, தவறாமல் வந்து காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நானும் எழுதப்போவதில்லை.

பழக்கம் கிழவியை வைத்து. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டாள். கிழவி திரும்பவில்லை. அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. அப்புறம் ஒரு நாள் காதை ஆட்டியது. அப்புறம் வாசல் படியிலிருந்து, தெருமுனையிலிருந்து, ரோட்டுப் பாலத்திலிருந்து. வலித்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சும்மா நடந்தாள். என் மதினிக்குச் சும்மா இருக்க வந்தது என்று எழுதினால் எங்கள் சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் பார்த்தேன்.

6

இனி முடிவுகள். மூன்று எழுதி வாசித்தேன்.

முதல் முடிவு: அவள் குரல் கேட்டதும் புழுதி பறக்க ஆடுகள் ஓடி வருகின்றன, அண்ணன் கண்ணீர் விடுகிறான். "எந்த ஆடு ஓடி வரும்? வாயில இருக்கத தின்னுட்டுத்தான் வரும்" என்றாள் மதினி.

இரண்டாவது: குரல் உடைகிறது. ஆடுகள் தலை தூக்கவில்லை. சனிக்கிழமை டெம்போ—

அண்ணன் இந்த வரிக்கு மேல் கேட்காமல் எழுந்து போனான். தண்ணீர்த் தொட்டி மறுபடி கழுவப்படும் சத்தம் கேட்டது.

மூன்றாவது முடிவில் நானே கூப்பிட்டு உதவுகிறேன். அதைக் கேட்டு மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மையாகவே பிடித்துக்கொண்டுதான். "சிரிக்க வைக்காத தம்பி, இழுக்குது" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எழுதி இதுவரை யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று கடைசியில் கேட்டேன். அந்தச் சாயங்காலம் நானும் கரையில்தான் நின்றேன். மதினி மறித்தாள். "அத எழுதாத. கூப்பிட்டது நான். கேக்க வேண்டியது ஆடு. நீ எதுக்கு நடுவுல?"

7

ஆகையால் கரை வரைக்கும் மட்டும் கூட்டிப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை பெய்த மழையில் கரிசல் காலில் அப்பியது. அக்கரையில் பருத்திக் காட்டு ஓரம் ஆடுகள் முதுகைக் காட்டி மேய்ந்தன. அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான், பழக்கதோஷத்தில் அவன் குரல் கொடுத்துவிடக் கூடாது என்று. மதினி வழுக்காத இடமாகப் பார்த்துக் காலை அகட்டி நின்றாள். இரண்டு கையையும் வயிற்றில் வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

மீதி உங்களுடையது. வாசிப்பதை நிறுத்திவிட்டு நீங்களும் வயிற்றில் கை வையுங்கள். தூரத்தில் இருக்கிற, உங்களுக்கு வேண்டிய யாரையாவது ஒரு தடவை ஓங்கிக் கூப்பிடுங்கள். கைக்கு அடியில் ஓர் இடம் இறுகும். அங்கேதான் என் மதினிக்குத் தையல்.

(                    )

அடைப்புக்குள் நான் எதுவும் எழுதவில்லை. அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி எழுத மதினி அனுமதித்தாள். கிழவி அவள் காலடியில்தான் நின்றது, அதைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவள் கூப்பிட்டதும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.