தொரையின் தலையில் விழுந்த தண்ணீர்

வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான் இருந்தது. அந்த நாலும் நானூறாக நீள வேண்டும் என்று சாரங்கன் வேண்டிக்கொண்டான். வேனின் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் வெடித்தாலும் சரி. அதுவும் இல்லையென்றால், ஒரு மாட்டுப் பட்டியாவது வீதியில் படுத்துக்கொண்டு உச்சிவெயில் வரைக்கும் அசைபோடட்டும். ஒன்றும் நடக்கவில்லை. வேன் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

மடியில் தொரை இருந்தார். ஜெரோன் அந்தோனி என்று கோயில் புத்தகத்தில் பெயர் எழுதப்படப் போகிற, பிறந்து ஐந்து மாதமும் பத்து நாளுமான அவனுடைய மகன்தான். ஆனால் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொரைமார்கூட விடிந்த பிறகுதான் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைப் பிரட்டுக்குக் கூப்பிடுவார்கள். இவருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, நடுச்சாமத்திலேயே கூப்பிட்டுவிடுவார். எடை ஏழு கிலோ, படுத்தால் ஏழு எருமைக்கான இடம் வேண்டும். ஒரு கையால் அப்பாவின் மூக்கைப் பிடித்து மறு கையால் மீசையைப் பிடுங்கினார் என்றால், அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். தபால் கந்தோரில் பதினான்கு வருடம் மூட்டை தூக்கிய சாரங்கனுக்கு, உலகத்திலேயே பாரமான பார்சல் எது என்பது இந்த ஐந்து மாதத்தில்தான் தெரிந்தது.

அந்தப் பார்சலுக்குப் போன செவ்வாய்க்கிழமையே முத்திரை குத்தியாகிவிட்டது. அது சாரங்கனைத் தவிர வேனில் இருந்த யாருக்கும் தெரியாது. இன்னும் அரை மணி நேரத்தில் கோயிலில் இரண்டாம் முத்திரை விழப்போகிறது. ஞானஸ்நானம் ஒருவனுக்கு ஒரே தரம்தான், தெரிந்தே மறுபடி கொடுப்பது தேவதுரோகம் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அடிமட்டத்தால் மேசையைத் தட்டிச் சொன்னது, முப்பது வருடம் கழித்து இன்றைக்குக் காலையில்தான் அவன் காதில் டக் டக்கென்று கேட்கத் தொடங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான்.

அவன் மனைவி நிரஞ்சனி குடும்பநல மருத்துவிச்சி. "ஆறு மாசம் முடியுற வரைக்கும் தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில படக்கூடாது" என்று அவள் கிளினிக்கில் சொன்னால், தாய்மார் மட்டுமல்ல, மடியில் இருக்கிற பிள்ளைகளும் தலையாட்டும். அன்றைக்கு அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். சாரங்கன் லீவு போட்டு, தொரைக்குக் காவல் இருந்தான். எடுத்து வைத்த பாலை நேரத்துக்குக் கரண்டியால் கொடுத்தான், துணி மாற்றினான், தொரைக்குக் காரியதரிசியான தன் உத்தியோகத்தை நினைத்துத் தானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அப்போதுதான் ஐஸ்பழம் விற்கும் ஸக்கரியா நானா மோட்டார்சைக்கிளில் ஐஸ்பெட்டியை ஏற்றிக்கொண்டு, மணியை அடித்தபடி வாசலுக்கு வந்தார்.

சாரங்கன் தனக்கென்றுதான், குச்சியில் குத்திய ஆரஞ்சு நிறத் தோடம்பழ ஐஸ்பழம் ஒன்று வாங்கினான். சத்தியமாகத் தனக்குத்தான். ஆனால் தொரை அதைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் குடியிருக்கும் வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சாரங்கன் ஐஸ்பழத்தின் நுனியை அவருடைய கீழுதட்டில் தொட்டான். தொட்டது ஒரே ஒரு தரம்.

தொரையின் கண் அகலமாகியது. அழுவதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. முகம் செம்பருத்தியாகி, கத்தரிக்காயாகி, உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. சாரங்கன் முதுகைத் தட்டினான், முகத்தில் ஊதினான், தூக்கிக்கொண்டு வீட்டை மூன்று தரம் சுற்றி ஓடினான். கூப்பிட ஆளில்லை, நானாவின் மோட்டார்சைக்கிளும் அடுத்த வீதிக்குப் போய்விட்டது. ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சிஸ்டர் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. மேசையில் ஒரு போத்தல் இருந்தது. மூடியைப் பல்லால் கழற்றி, மகனின் தலையில் கொடகொடவென்று ஊற்றி, "ஜெரோன் அந்தோனி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று கத்தினான்.

ஆமென் சொல்வதற்குள் தொரைக்கு மூச்சு வந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு றத்தோட்டை ஊர் நாய்களெல்லாம் பதில் குரல் கொடுத்தன.

சாயந்தரம் நிரஞ்சனி வந்து பிள்ளையின் தலையைத் தடவினாள். "ஏங்க தல ஈரமா இருக்கு?"

"வேர்வ" என்றான் சாரங்கன்.

வேனில் உட்கார்ந்தபடி அந்த ஒற்றைச் சொல்லை இப்போது அவன் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மூச்சு ஏன் நின்றது என்று அவள் கேட்பாள். மருத்துவிச்சி வீட்டில் ஐந்து மாதப் பிள்ளைக்கு ஐஸ்பழம்! சொல்லாவிட்டால் தேவதுரோகம். ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, வஹகோட்டை அந்தோனியாரிடம் "பிள்ளையைத் தந்தா ஒங்க கோயில்லதான் ஞானஸ்நானம்" என்று நேர்ந்துகொண்டவள் அவள். அந்த நேர்த்தியை ஒரு போத்தல் தண்ணீரால் கெடுத்துவிட்டு, மடியில் மகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் நிரஞ்சனி இருந்தாள். காலையிலிருந்தே அவள் முகம் வெளிறியிருந்தது. சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி, அது கயிறாகவே மாறிவிட்டது. தெரிந்துவிட்டதோ என்று சாரங்கன் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

முன் இருக்கையில் இருந்து ஞானத்தகப்பன் திரும்பினான். நிரஞ்சனியின் அண்ணன் கஸ்பார், இதற்கென்றே இத்தாலியிலிருந்து வெள்ளைக் கோட்டோடு வந்திருந்தான். "என்ன மச்சான் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? ஒங்களையா முக்கி எடுக்கப் போறாங்க?"

"இல்ல... தொரை ஒதைக்கிறாரு."

"ஒதைக்கட்டும். மூணு நாளா நான் சாத்தானை விட்டுவிடுறேன்னு சொல்லிப் பழகுறேன். இத்தாலி பாஷ மறந்து போச்சு, சாத்தான் மட்டும் ஞாபகம் இருக்கு."

அப்போது பின்னாலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஐஸ்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள் ஒன்று வேனைத் தாண்டிக்கொண்டு வஹகோட்டைப் பக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்துக்கு வியாபாரத்துக்குப் போகும் ஸக்கரியா நானாவேதான். வேனுக்குள் பார்த்துக் கையையும் ஆட்டினார். சாரங்கன் மகனின் தொப்பியை இழுத்து, மகன் முகத்தை மறைத்தான். மறைத்திருக்க வேண்டியது தன் முகத்தைத்தான் என்பது வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கோயிலில் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. பங்குச் சாமியார் சிங்களத் தாய்மொழிக்காரர், தமிழை நிதானமாகப் படியிறங்குவது மாதிரிப் பேசுவார். சாரங்கன் வாசலிலேயே அவரைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தான்.

"சாமி, ஒரு நிமிஷம்..."

"என்ன சொல்லுங்க?"

பின்னால் நிரஞ்சனி வந்து நின்றாள். "நானும் ஒரு விஷயம்..." என்றாள்.

"கோயில் அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றான் சாரங்கன்.

"நானும் அதத்தான்" என்றாள் அவள்.

சாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் ரயில் வேகத்தில் நடந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னார்கள். நெற்றியில் சிலுவை போட்டார்கள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்றதற்கு, கஸ்பார் போட்ட "விட்டுவிடுகிறேன்" கேட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் இடம் மாறின. சாரங்கனுக்கு உதடு மட்டும் அசைந்தது. பீடத்தில் அந்தோனியார் குழந்தை இயேசுவைத் தூக்கி வைத்திருந்தார். அவர் கையில் இருக்கும் பிள்ளை எவ்வளவு அமைதி என்று சாரங்கன் நினைத்தான். அதற்கு யாரும் ஐஸ்பழம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தொட்டியருகே நிரஞ்சனி பிள்ளையைக் கைகளில் சாய்த்துப் பிடித்தாள். சாமியார் சிப்பியில் தண்ணீரை அள்ளினார். சிப்பி உயர்ந்தது. விளிம்பில் ஒரு துளி திரண்டு, பூசணிக்காய் அளவுக்குப் பெருத்துக்கொண்டு தொங்கியது. சிஸ்டரின் அடிமட்டம் சாரங்கனின் மண்டைக்குள் இடியாக விழுந்தது.

"ஊத்தாதீங்க சாமி!"

கோயில் அதிர்ந்தது. குரல் இரட்டையாகக் கேட்டதால் எதிரொலி என்று நினைத்தான். திரும்பினால், நிரஞ்சனியின் வாயும் திறந்திருந்தது.

"நீ ஏன் கத்துன?"

"நீங்க ஏங்க கத்துனீங்க?"

சாமியார் சிப்பியை மெல்ல இறக்கினார். "ஒருத்தர் ஒருத்தரா. முதல்ல புருஷன்."

சாரங்கன் சொன்னான். திடீரென்று மூச்சு நின்றது என்றான், நீலம் பாய்ந்தது என்றான், தண்ணீர் ஊற்றினேன் என்றான். ஐஸ்பழத்தை மட்டும் நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

"என்ன தண்ணி?" என்றார் சாமியார்.

"மேசையில இருந்த போத்தல் சாமி."

"பச்ச மூடி போத்தலா?" என்று நிரஞ்சனி குறுக்கே வந்தாள்.

"ஆமா."

"ஐயோ, அது ஒங்க மூக்கொழுகுற தடிமனுக்கு நான் அவிச்சு வச்ச மல்லித்தண்ணிங்க!"

கஸ்பார் வெள்ளைக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். சாமியார் சிரிக்கவில்லை, நெற்றியைத் தேய்த்தார். "மல்லித்தண்ணி... அது சந்தேகம்தான். சரி, இப்ப அம்மா."

நிரஞ்சனியின் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை பிறந்த இரண்டாம் நாள், மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் அவனைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் விளக்குக்குக் கீழே வைத்தபோது, கண்ணாடிக்கு அப்பால் அவன் அசையாமல் கிடந்தானாம். தாதி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அவள் எட்டிப்போய் அவன் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டாளாம்.

"எத்தன தாய்மாருக்குப் பயப்படாதீங்கன்னு சொல்லிருக்கேன் சாமி. பிள்ள தூங்கிக்கிட்டுதான் இருந்திச்சு. நான்தான் பயந்துட்டேன். இவருகிட்டச் சொல்ல வெக்கம். அந்தோனியார்கிட்ட வாக்குக் குடுத்துட்டு நானே..."

"என்ன தண்ணி?"

"கொதிச்சு ஆறின தண்ணி. ரெண்டு தரம் கொதிக்க வச்சது."

"வசனம்?"

"முழுசா சொன்னேன். பேரும் சொன்னேன்."

சாமியார் அந்தோனியாரின் சொரூபத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தொரையைப் பார்த்தார். கஸ்பாரின் சிரிப்பும் நின்றுவிட்டது. சாரங்கன் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், அவள் கையை இழுக்கவில்லை. இருவருக்கும் ஒரே பயம், நேர்த்தி போச்சா?

"அம்மா குடுத்தது செல்லுபடியான ஞானஸ்நானம்" என்றார் சாமியார் கடைசியில். "அதனால இன்னிக்குத் தண்ணி இல்ல. அப்பா குடுத்தது தடிமன் மருந்து." பிறகு கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா எண்ணெய், வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி எல்லாம் பாக்கி இருக்கு. அத இந்தக் கோயில்ல, அந்தோனியாருக்கு முன்னால செய்வோம். அவர் கோவிக்க மாட்டார். பிள்ளையைக் கையில வச்சிருக்கிற ஆளுக்குப் பயம் தெரியும்தானே."

நிரஞ்சனி அழுதுகொண்டே சிரித்தாள். உச்சியில் பரிமளத் தைலம் பட்டதும் தொரை அதிகாரத்தோடு ஒரு கொட்டாவி விட்டார். "மெழுகுதிரி புடிக்கவா இத்தாலியில இருந்து வந்தேன்?" என்று முணுமுணுத்தபடி கஸ்பார் திரியைக் கொளுத்தினான்.

வெளியே வரும்போது சாரங்கனின் கால் தரையில் படவில்லை. வானத்தில் போன காகம்கூடக் கொழுத்த மணிப்புறாவாகத் தெரிந்தது. மரத்தடியில் நிரஞ்சனி நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு மட்டும் புரியல."

"என்ன?"

"சும்மா இருந்த பிள்ளைக்கு எப்புடி மூச்சு நிக்கும்?"

சாரங்கன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசலில் மணி அடித்தது. நிரஞ்சனியின் தோளில் அரைத்தூக்கத்தில் இருந்த தொரை படக்கென்று தலையைத் தூக்கினார். ஐஸ்பெட்டி இருக்கும் திசைக்கு உடம்பை வளைத்து, கால் இரண்டையும் உதைத்து, வஹகோட்டை முழுவதும் உள்ளே போகிற அளவுக்கு வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா!" என்று ஸக்கரியா நானா பெட்டிக்குப் பின்னாலிருந்து பூரித்துப் போனார். "நம்மட மணிச்சத்தம் மகனாருக்கு வெளங்கிட்டு! தம்பி, அன்டைக்கி மாதிரி தோடம்பழந்தானா?"

நிரஞ்சனி மகனின் திறந்த வாயைப் பார்த்தாள். நானாவின் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, மிக மெதுவாக, கணவனைப் பார்த்தாள். கிளினிக்கில் கைக்குழந்தைகளைத் தலையாட்ட வைக்கும் பார்வை அது.

சாரங்கன் கோயில் பக்கம் திரும்பினான். "சாமி இப்ப பாவசங்கீர்த்தனம் கேப்பாரா?"

"கேப்பாரு" என்றாள் நிரஞ்சனி, பிள்ளையை கஸ்பார் கையில் கொடுத்துக்கொண்டே. "மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க."