இசக்கி சொன்ன படிப்பு

எங்கள் வீட்டில் யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. அந்தத் தொல்லைக்கென்றே சுடலைமாடன் இருக்கிறார். தாராவியில் வருஷா வருஷம் நடக்கும் கோயில் கொடைத் திருவிழாவில் என் தாய்மாமா பிரம்மநாயகத்தின் மேல் இறங்கி, யார் எந்த வேலைக்குப் போகலாம், யாருக்கு யாரைக் கட்டலாம் என்று குறி சொல்லிவிடுவார். மற்ற நாட்களில் மாமா பெல்ட் பட்டறையில் பக்கிள் அடிப்பவர்.

பன்னிரண்டாவது முடித்ததும் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்றேன். மாட்டுங்காவில் ஒரு காலேஜில் இடமும் கிடைத்தது. கொடைக்கு மறுநாள்தான் சேரக் கடைசி நாள்.

“மனசைப் பத்தின படிப்புப்பா.”

“பாகல்களோட, பைத்தியங்களோட பேசவா ஒன்னய வளத்தேன்? ஒனக்கே கிறுக்குன்னு நெனச்சு ஒருத்தனும் பொண்ணு கேட்டு வர மாட்டாம்ட்டி” என்றார் அப்பா.

“சாமிகிட்டயே கேட்டுருவோம்” என்று அம்மா பேச்சை முடித்தாள்.

கொடையன்று மேளம் உச்சத்துக்குப் போனதும் மாமா ஆடினார். அப்பா கைகட்டி என் படிப்பைப் பற்றிக் கேட்டார். சாமி கண்ணை உருட்டி, “பி.காம்ல சேத்து விடுலே!” என்றது. ஊரில் சுடுகாட்டைக் காவல் காத்த சாமிக்கு மும்பை காலேஜ் பாடமெல்லாம் அத்துப்படி! மாமா மகன் மகேஷ்குமார் பி.காம் படித்தவன். அவனுக்கு என்னைக் கட்டிவைக்க மாமாவுக்கு ஆசை. அதுவும் சாமிக்குத் தெரிந்துதானிருக்கும்.

மாமாவோடு சண்டை போடலாம், மாடனோடு போட முடியுமா? மாடனை அதட்ட இன்னொரு சாமிதான் வேண்டும். தலைமுடியை அவிழ்த்துப் போட்டேன்.

“ஏலே மாடா! இசக்கி வந்திருக்கேம்லே! எம் புள்ள சைக்காலஜிதாம்லே படிக்கணும்!”

மாமா ஆட்டத்தை நிறுத்தாமலே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் நடிக்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எந்த வாயால் சொல்வார்? “ஆத்தா சொன்னாச் சரிதாம்” என்று மாடன் பம்மிவிட்டது. அப்பா என் காலில் விழுந்தார். என் பேச்சை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், சந்து நிறையப் பெண்கள். டோம்பிவிலியிலிருந்துகூட எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ராத்திரி தூக்கமே இல்ல தாயி. நெஞ்சு படபடன்னு அடிக்கு. செத்துரலாம்போல இருக்கு.”

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைப் படிக்கத்தானே கிளம்பினேன்.

“அப்பா, காலேஜுக்கு நேரமாச்சு. இசக்கியே படிக்கச் சொல்லிட்டாள்ல?”

அப்பா செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு என் முன்னால் கைகட்டி நின்றார்.

“மத்தவங்க மனசுல கெடக்கதைச் சொல்லுத படிப்புதான தாயி? அதான் ஆத்தாளே ஓம்மேல எறங்கிட்டாளே, இனி எதுக்கு காலேஜு? உள்ள வந்து உக்காரு, சனம் காத்துக் கெடக்கு.”