தொட்டியில் கிடைத்த மாப்பிள்ளை

மூக்கைப் பொத்திக்கொண்டு செய்ய முடியாத வேலை என்னுடையது. இரண்டு கைகளும் வேண்டும். ஊர்க் கழிவெல்லாம் சேரும் கால்வாயில் சேற்றை அள்ளி வந்து, சல்லடையில் அலசி, மிஞ்சுவதைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நெளிவது உருண்டைப் புழு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடம்பு கண்ணாடி மாதிரி என்பதால், அது என்ன தின்றது என்பதும் தெரியும். நான் சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு தெரியும். புழுவைத் தனியே எடுக்க, குச்சி நுனியில் இமைமுடி ஒட்டியிருக்கிறேன். என் முடிதான். அது போய்வரும் இடங்களை நினைத்தால் கண்ணில் மிஞ்சியிருப்பவையும் கூசுகின்றன.

என் புழு புதிய இனம். அந்தப் பல்லும், தலையைச் சுற்றிய முட்களும் இதுவரை யாரும் எழுதாத முகவெட்டு. ஆனால் கிடைத்ததெல்லாம் பெண். வாலில் கொக்கி வைத்த ஆண் ஒன்றாவது கிடைக்காமல் கட்டுரை எழுத முடியாது. கட்டுரை இல்லையென்றால் பட்டம் இல்லை.

"மாப்பிள்ளை அமைஞ்சானா?" என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு தினமும் கேட்பார். "பேர் வைக்கிறப்ப யாரையும் மறந்துடாதப்பா" என்றும் சேர்த்துக்கொள்வார். புதிய இனத்துக்கு மதிப்புக்குரியவர் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். தன்னைவிட மதிப்புக்குரியவர் யாரையும் அவர் இதுவரை சந்தித்ததில்லை.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளை வந்தேவிட்டான். நான் கத்திய கத்தலில், பக்கத்து மேஜையில் நத்தை ஆராயும் சீனியர் அக்கா எழுந்து வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கான். ஆமா, சேத்தை எந்தத் தண்ணியில அலசுற?"

"குழாய்த் தண்ணிக்கா."

"வடிகட்டாமலா?"

நான் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"லூசு!"

அக்கா வெறும் குழாய்த் தண்ணீரைச் சல்லடையில் ஓடவிட்டுத் தட்டில் ஊற்றினாள். அதே பல், அதே முட்கள். பெண்கள், வயிறு நிறைய முட்டை, நடுநடுவே கொக்கி வால்கள். பிறகு கால்வாய்ச் சேற்றை வடிகட்டிய தண்ணீரில் அலசினோம். என் புழு ஒன்றுகூட இல்லை. பாவம், கால்வாய் சுத்தம்.

மாடிக்கு ஏறினோம். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தொட்டிக்கு மூடி இல்லை. உள்சுவரில் சளி மாதிரி பழுப்புப் பாசி தொங்கியது. தண்ணீரில் புறா இறகும், புறா இறக்கிவைத்த மற்றதும் மிதந்தன.

"நம்ம டீக்கும் இதே தண்ணிதானாக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

நாங்கள் போய்ச் சொன்னபோது கைடின் வாயில் டீ இருந்தது. மாணவன் முன்னால் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், கன்னம் உப்ப ஜன்னல் வரை நடந்துபோய்த் துப்பினார்.

"கால்வாய்னே எழுதிடு."

"நாளைக்கு எவனாவது கால்வாய்ல தேடினா கிடைக்காது சார். என் பட்டம் போயிடும்."

அவர் உதட்டைத் துடைத்தார். "அப்ப உள்ளதை எழுது. ஆனா என் பேரு வேணாம். தொட்டி யாரோட பொறுப்பு?"

"துறைத் தலைவரோடது சார்."

அவர் முகத்தில் அப்படியொரு பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை. "அவர் பேரை வை."

கட்டுரை வெளியே போக அந்தத் துறைத் தலைவர்தான் சரி சொல்ல வேண்டும். கைடும் அக்காவும் கூட வர, போய் எல்லாவற்றையும் சொன்னேன். தன் பெயர் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டி என்றதும் எழுந்தே விட்டார்.

"பாத்தீங்களா! கழுவுங்க கழுவுங்கன்னு எல்லாரும் என் உயிரை வாங்கினாங்களே, கழுவியிருந்தா இது கிடைச்சிருக்குமா? இனிமே அந்தத் தொட்டியில யாரும் கை வைக்கக் கூடாது. அபூர்வ உயிரினம்!"

கட்டுரைக்குச் சரி சொன்னார். கையோடு எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ வந்தது. கைடு தன் கோப்பையைத் தன் சொந்தப் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிப்பா! உன் சந்தோஷம்தானே?"

"கொதிச்சதுல செத்திருக்கும்டா" என்று அக்கா காதோடு சொன்னாள்.

"செத்ததெல்லாம் எங்கக்கா போகும்?"

அவள் தன் கோப்பையைப் பார்த்தாள்.

பட்டத்தை நினைத்துக்கொண்டு ஒரே மடக்காக வாயில் ஊற்றினேன். முட்டையும் செத்திருக்குமா என்று கேட்க வேண்டியிருந்தது. வாய் நிறைய டீ இருந்தது.