ஐஸ் பெட்டியில் ஒரு மூளை

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆய்வுக்கூடக் கதைகளில் எங்கள் ஊர்க்காரி வந்தால் கூட்டிப் பெருக்கத்தான் வருகிறாள். ஆகவே ஆன்மேரி: மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்து ஊரான அனுமந்தையில் ஒரு மீனவர் வீட்டின் முதல் பட்டதாரி. 2005இல் புதுச்சேரியில் ஆய்வு மாணவி. வேலை, மூளை செய்வது.

[சிரிக்காதீர்கள். கடல்பாசி அகரைக் காய்ச்சி, அளவாக உப்புச் சேர்த்து அச்சில் ஊற்றினால், மூளையைப் போலவே மெத்தென்று ஒரு ஜெல்லி உறையும். டாக்டர்கள் உயிருள்ள தலையில் ஊசி இறக்கும் முன் இதில் குத்திப் பழகலாம்.]

2
'மாலைச் சூரியனில் உப்புக் குவியல்கள் பொன்னாக...' வேண்டாம். உப்பளத்தில் நிற்பவர்களுக்குக் கண் எரியும், அவ்வளவுதான்.

மறுபடி. ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜைச் சரிசெய்யச் சொல்லி ஆன்மேரி பேராசிரியரிடம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். சனிக்கிழமை அது செத்தது. திங்கட்கிழமை ஊசி குத்திப் பார்க்க டாக்டர்கள் வருகிறார்கள். மூளை சொதப்பினால் ஆராய்ச்சி வேறு மாணவனுக்குப் போய்விடும். ஜெல்லி மூளை இருந்த டப்பாவோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ரெக்ஸ் மீன் வியாபாரி. வீட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

"சில்லுன்னு இருந்தா போதும்ணா."

"வஞ்சிரத்தையே மெட்ராஸ் வரைக்கும் கெடாம அனுப்புறேன். யாரு மூளை இது, உங்க சாரோடதா?"

"அவருக்கு இவ்ளோ பெருசு கெடையாது."

3
ரெக்ஸைக் குடிகாரனாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் பொய். அவன் நல்லவன், அதுதான் பிரச்சினை. தங்கச்சியின் மூளைக்கு வஞ்சிரத்துக்குரிய மரியாதையைச் செய்தான்: ஐஸை நொறுக்கி, மேலே மரக்காணம் கல்லுப்பை அள்ளித் தூவினான். உப்புப் பட்ட ஐஸ் இன்னும் குளிரும். ஜெல்லி ஐஸ்கட்டியாகவே உறைந்துவிட்டது. ஞாயிறு மாலை இளகியபோது பழைய ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் வடித்தது. புதிதாகச் செய்ய நேரமில்லை.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்க."

"உனக்குன்னு ரெண்டு கை உப்பு சேத்துதான் போட்டேன், பாப்பா."

[அவள் அவனைத் திட்டும் வரியை எழுதி எழுதி அடித்தேன். அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.]

4
முடிவு ஒன்று: ஊசி இறங்குகிறது. நோயுற்ற மூளை அச்சு அசல் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் வியக்கிறார். கைதட்டல். சீ.

முடிவு இரண்டு: 'உங்க ஆளுங்களுக்கு மீன்தான் தெரியும்' என்கிறார் பேராசிரியர். இந்த வசனத்தை அந்த ஆளுக்குத் தர எனக்கு மனமில்லை.

முடிவு மூன்று: திங்கட்கிழமை பஸ். மாதா கோயில் பூசைக்குப் போடும் சட்டையில் ரெக்ஸும் பெட்டியோடு ஏறிவிட்டான்.

"நானே சார் கிட்ட சொல்லிடறேன். என் தப்புன்னு."

"நீ வாயத் தொறந்தா நான் எறங்கிடுவேன்."

பெட்டி அவன் மடியில் சொட்டுகிறது. இன்னும் சற்று நேரத்தில் பேராசிரியர், 'எப்படிம்மா கெட்டுச்சு?' என்று கேட்பார். ஆன்மேரி ஃப்ரிட்ஜைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆராய்ச்சி போகும். அண்ணனைச் சொன்னால் சிரிப்பார்கள், ஒருவேளை மன்னிப்பார்கள்.

அவள் பதில்: "                    "

நீங்களே நிரப்புங்கள். அவளை ஜெயிக்க வையுங்கள், தோற்கடியுங்கள், எனக்கென்ன. அந்தச் சட்டையைப் பார்த்து மட்டும் ஒருவரும் சிரிக்கக் கூடாது.