கதவடி வருத்தம்

பாரிசில், ரூ பெர்தொனே தெருவில், நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் டொக்டர் செசில் நோயாளிகளைப் பார்க்கிற கபினே. செசில் புதுச்சேரிக்காரர். ஒரு ஆளுக்கு இருபத்தாறு நிமிடம் எடுப்பார். காத்திருக்கிற சனம் படிக்கட்டால் வழிந்து, கீழே தாலிக்கொடி பார்க்க வந்தவர்களோடு கலந்து நிற்கும். அந்தச் சனத்தை அடக்கி, ஒவ்வொருவராய் உள்ளே விடுகிற வேலை நாகேஸ்வரிக்கு. ஒன்பது வருடம் ஹோட்டலில் கட்டில் விரித்து, முதுகு போன பிறகு கிடைத்த, இருந்தபடி செய்கிற கதிரை வேலை. சம்பளம் பெரிதில்லை. கதிரை பெரிது.

2013 தை மாதம், கபினேக்களின் வேலையை வேகமாக்கித் தருகிற ஒரு கொம்பனியிலிருந்து பிரசாந்தன் வந்தான். பாரிசுக்குப் பக்கத்துச் செவ்ரானில் பிறந்தவன், கழுத்தில் டை, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இறக்க வேண்டும், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் நாகேஸ்வரியை நிற்பாட்டிவிட்டு வாசலில் பெயர் கூப்பிடுகிற மெசின் ஒன்று பூட்டலாம் என்று டொக்டரிடம் சொன்னான். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான்.

கைபேசியில் நேரம் பிடித்தான். முதல் ஆள் தவரத்தினம், ரெஸ்டோரண்டில் சட்டிபானை கழுவுகிறவர். தடிமன், மூக்கடைப்பு என்று வந்து கதிரையில் இருந்தார். குளிர், முதலாளி, மருமகன் என்று பதினெட்டு நிமிடம் போனது. மருந்துத் துண்டை வாங்கி, கோட்டைப் போட்டு, கதவுப்பிடியில் கைவைத்து, "அப்ப வரட்டே, டொக்டர்" என்றார். அதற்குப் பிறகுதான், மூன்று கிழமையாய் மலத்தோடு ரத்தம் போகிற கதை வந்தது. கோட்டைத் திரும்பக் கழற்றினார்.

பிரசாந்தன் மெத்தைக் கதிரைகளை எடுத்துவிட்டு மரக்கதிரை போட்டான். சனம் மரக்கதிரையிலும் இருந்து கதைத்தது. மேசையில் மணி வைத்தான். மணி அடித்தால் டெலிபோன் என்று நினைத்து, "எடுங்கோ டொக்டர், நாங்கள் இருக்கிறம்" என்றார்கள்.

மாசி முடியப் போனது. நேரம் இறங்கவில்லை. நாகேஸ்வரி பிரசாந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்கட சனம் நோய் வருத்தத்தைக் கதவடியிலதான் சொல்லும். இருத்தினால் கதைதான் வரும். வந்த உடனை போகச் சொல்லு."

அடுத்த நாளே தொடங்கினார்கள். ஆள் உள்ளே வரும். டொக்டர் எழும்பிக் கைகொடுத்து, போயிட்டு வாங்க என்பார். ஆள் திரும்பிப் பிடியில் கைவைக்கும். வருத்தம் தானாய் விழும். எட்டு வருடமாய் முழங்காலுக்கு வந்துபோன தில்லைநாயகியக்கா, இவ்வளவு காலமும் புருசனுடைய பிரசர் குளிசையைத் தான் விழுங்குவதை ஒரு நிமிடத்தில் சொன்னா. கதிரைகள் எல்லாம் நிலவறைக்குப் போயின. டொக்டர் மேசையைக் கதவடிக்கு இழுத்தார். பிடி இரண்டு தரம் கழன்று, மூன்றாவதாய்ப் பித்தளையில் ஒன்று போட்டார்கள். புதிதாய் வந்தவர்கள் வணக்கத்துக்கு முன்னமே, வரட்டே என்றார்கள்.

பங்குனி முடிய, ஆளுக்கு ஐந்து நிமிடம். கொம்பனி பிரசாந்தனுக்குக் கேடயம் கொடுத்தது. படிக்கட்டில் ஒரு குஞ்சும் இல்லை.

அப்போதுதான் அவன் முதன்முதலாய் அவளோடு தமிழில் கதைத்தான்.

"அன்ரி, இப்ப ஒருத்தரும் காத்திருக்கேல்லை. நீங்கள் ஆரைக் கூப்பிடப்போறீங்கள்?"

வெள்ளியோடு அவள் வேலை முடிவு. அவளுடைய கதிரை வியாழனே நிலவறைக்குப் போய்விட்டது.

வெள்ளி காலை பத்துமணிக்கு நாகேஸ்வரி கோட்டும் பையுமாய் டொக்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். கதவைச் சாத்தினாள். ஒரு மரியாதைக்குத்தான். பித்தளைப் பிடியில் கைவைத்து, "அப்ப வரட்டே, டொக்டர்" என்றாள்.

அந்தச் சொல் கேட்டால் பேனாவை எடுக்க டொக்டர் பழகியிருந்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் கை பிடியில் இருந்தது. முதுகு வந்தது, லிஃப்ட் இல்லாத ஹோட்டலின் நாலாம் மாடியிலிருந்து. அதற்குப் பின்னால் வலதுகை விறைப்பு. நெஞ்செரிவு. பல்லுக்குப் போகப் பயம். டொக்டர் ஒவ்வொன்றாய் எழுதினார். ஒன்று எழுத மற்றது விழுந்தது. பிடி அவள் கையில் என்பதால் வெளியிலிருந்து ஒருவரும் கதவைத் திறக்கவும் முடியவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆளாய் நேரம் கொடுத்திருந்தான் பிரசாந்தன். பதினொன்றரைக்குப் பதினெட்டு ஆள், துணைக்கு வந்த சனம் வேறு. படிக்கட்டு நிறைந்தது. நகைக்கடைக்காரர் வெளியில் வந்து கத்தினார். பிரசாந்தன் நடுப்படியில் நின்று பெயர் கூப்பிட்டான். கிழவிகள், நீர் ஆரின்ர மகன் என்று விசாரித்தார்கள். தவரத்தினம் அவனைத் தள்ளிக்கொண்டு போக, டை கைப்பிடிக் கம்பியில் மாட்டியது.

கதவில் தட்டினான். "அன்ரி, வெளியில வாங்கோ. சனத்தைப் பிடிக்க ஏலாமல் கிடக்கு."

"இன்னும் ஒரு சின்ன விசயம் இருக்கு தம்பி," என்றாள் உள்ளிருந்து. "என்ர கதிரை எங்கை?"

"கீழ. நிலவறையில."

"கொண்டுவந்து வை."

வெளியே பிரசாந்தன் படியிறங்கினான். டொக்டர் ஸ்கானுக்குத் திகதி எழுதி, கண்ணையும் ஒருக்கால் பார்ப்பம் என்றார். அவள் ஓம் என்றாள்.

கதிரை இரண்டு மாடியும் இடிபட்டு ஏறி, கதவுக்கு வெளியே நிலத்தில் ஊன்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பிடியை விட்டாள்.