வெளுக்காத நீல உடைக்காரி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த படங்களில் ஒரு பெண்ணின் படம் மட்டும் வெளுக்கவே இல்லை. மற்றவை எல்லாம் ஒழுங்காக வெளுத்தன. பாட்டில் மையை ஊற்றி ஓட்டும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்கள் அவை. சாய மைக்கு மேற்கு வெயில் ஆகாது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் இயந்திரம் விடும் காரமான காற்று அதைவிட ஆகாது. முதலில் நீலம் போகும். நீலம் போனதும் முகங்கள் அடுப்பு முன்னால் நின்றதுபோலச் சிவக்கும். பிறகு கறுப்பு முடி செம்பட்டையாகி, கடைசியில் மாப்பிள்ளை நின்ற இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் மிஞ்சும். குழந்தைப் படங்கள் தக்காளி நிறத்துக்கு வந்ததுமே, சாம்பிள் மாற்ற வேண்டிய காலம் வந்தாயிற்று என்று எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரர் குரல் கொடுப்பார். அந்தப் பெண் மட்டும் நீல உடையில், நாற்காலி முதுகில் கை வைத்தபடி, எடுத்த அன்று இருந்ததுபோலவே நின்றாள். முதலில் போக வேண்டிய நீலமே போகவில்லை.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருக் கூட்டுகிறவள் காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்து தலையை ஒரு முறை அசைத்துவிட்டுப் போவாள். பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடியே கை காட்டுவார். பெரிதாக எடுத்துக்கொண்டவள் ஸ்டூடியோக்காரரின் மனைவி ஒருத்திதான். படங்களின் ஓரம் வெட்டுவது அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் ஓரக்கா. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு மயிரிழை கோணாமல் வெட்டியவள். கோணல் எங்கே இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இல்லாத இடத்திலும் சில சமயம் தென்பட்டுவிடும். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. ஒரு நாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, யார் அவள் என்று கேட்டாள். தெரியாது, படம் எடுத்துக்கொண்டு போனவள் வாங்க வரவில்லை என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வாங்க வராதவ படத்தை எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

"நல்லா வந்திருந்துச்சு."

இந்த இரண்டு வார்த்தை ஓரக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சோறு நன்றாக இருந்தாலும் 'ம்', உப்புக் கரித்தாலும் 'ம்' என்கிற மனிதர் அவர். எதையும் நல்லா இருக்கிறது என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. உடனே தன்னையும் படம் எடுக்கச் சொன்னாள். அதே நாற்காலி, அதே பிரிண்டர், அதே காகிதம். அந்தப் படத்தை நீல உடைக்காரியின் பக்கத்திலேயே மாட்ட வைத்தாள். முதல் சில நாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தன் மூஞ்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டு, பக்கத்துப் படத்தின் மேல் மட்டும் கண்ணை நட்டாள். அவளும் வெளுப்பாள் என்று காத்திருந்தாள். யார் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் தணியவும் பக்கத்து வீட்டுக்காரியின் மகனுக்கு வேலை கிடைக்கவும் வேண்டிக்கொள்கிற நல்ல மனுஷி, அந்த வருடம் முழுக்க ஒரு படம் வெளுக்க வேண்டும் என்று வேண்டினாள். கடவுளுக்கு அதைவிட அவசரமான வேலைகள் இருந்திருக்க வேண்டும்.

வெளுக்காத படம் ஒன்றுதான் உண்டு, அது அடிக்கடி புதிதாக எடுக்கப்படும் படம்: இது ஓரக்காவின் முடிவு. தனக்குத் தெரியாமல் அவர் அவளைத் திரும்பத் திரும்ப பிரிண்ட் போடுகிறார். ஆகவே படத்தைக் கழற்றி, பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டு, ஒரு மூலையை நகக்கண் அளவுக்குக் கத்தரித்து மாட்டினாள். மாதங்கள் கழித்துப் பார்த்தால் கையெழுத்தும் இருந்தது, வெட்டிய மூலையும் இருந்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு நிம்மதியாகியிருப்பாள். ஓரக்காவோ, இந்த மனிதர் என் கையெழுத்தையும் போடப் பழகிவிட்டார் என்று நினைத்தாள். அதற்கு அத்தாட்சியும் அவளிடம் இருந்தது. நீல மை பாட்டிலில் அவள் பேனாவால் கோடு கிழித்து வைத்திருந்தாள். வந்த வேலைக்கு மேல் நீலம் இறங்கிக்கொண்டே இருந்தது. போட்டோ பேப்பரும் குறைந்தது. கேட்டால் பிரிண்டர் தலை அடைத்துக்கொண்டது, ஓட்டிப் பார்த்தேன் என்றார். சொல்லும்போது அவர் முகம் சிவந்ததை அவள் கவனித்தாள். கடைக்குள் பேச்சு நின்றுபோயிற்று. சொல்ல வேண்டியதை வாடிக்கையாளரிடம் சொல்லிக் கணவர் காதில் விழ வைத்தாள். அந்த நாட்களில் வாட்ச் ரிப்பேர்காரர் எதிரிலிருந்து, "அக்கா, இன்னைக்குக் கோவம் ஜாஸ்தி போல, ரொம்பச் சிவந்திருக்கீங்க" என்பார். தன்னைத்தான் சொல்கிறார் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அவர் சொன்னது படத்தை.

ஓரக்கா ஊரில் இருந்த தன் அக்காவுக்கு போன் போட்டாள். வெளுக்காத பொம்பளையோட ஒரே கடையில எதுக்கு உட்கார்ந்திருக்க, பையைத் தூக்கிட்டு வா, இங்க ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கு என்றாள் அக்கா. மறுநாள் மதியம் சமைக்கப் போகிறேன் என்று வீட்டுக்குப் போன ஓரக்கா, அடுப்புப் பற்ற வைக்காமல் துணிகளைப் பையில் அடுக்கினாள். போவதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பின்னால் மனசு அலையாது என்று தோன்றியது. கடையில் 'சாப்பாட்டு நேரம்' என்ற அட்டை தொங்கியது. பின்கதவு வழியாகப் போனாள். உள்ளே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோக்காரர் அவளுக்கு முதுகு காட்டி நின்றார். காகிதம் கோடு கோடாக வெளியே வந்தது. ஓரக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் நெற்றி வருவதற்காகக் காத்திருந்தாள். முதலில் பின்சுவர் வந்தது. பிறகு உச்சி வகிடு. வகிட்டில் இரண்டு நரை. அதன் கீழே நெற்றி, நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ஓரக்கா சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து வாங்கிய தழும்பு அது. பிறகு பக்கவாட்டில் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள் வந்தன.

அவர் கண்ணாடிப் பக்கம் போய் அவளுடைய பழைய படத்தைக் கழற்றி வந்தார். அதில் நாற்காலி இருந்தது. ஆள் இருந்த இடம் சுட்ட செங்கல் நிறத்தில் ஒரு மங்கல். இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே போன்ற மங்கல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. திரும்பியபோதுதான் அவளையும் பையையும் பார்த்தார்.

"இது எத்தனையாவது?" என்றாள்.

"எண்ணல."

"ஏன் சொல்லல?"

"உன் படம் மட்டும் ஒரு வாரம் தாங்க மாட்டேங்குதுன்னு எப்படிச் சொல்றது? நீ வேற அர்த்தம் பண்ணிக்குவ. பேப்பரை மாத்திப் பார்த்தேன், நீலத்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். நிக்கல. நீ கடைக்கு வர்றப்ப உன் படம் வெளுத்துக் கிடக்கக் கூடாதுல்ல."

தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. வாரம் ஒரு மதியம் அவர் பட்டினி கிடந்து படம் மாற்றுவதைப் பார்த்தவர்கள், சொன்னால் அந்த அம்மா மனசு கஷ்டப்படும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் படத்தையே காவல் காத்தவளுக்கு, தன் முகம் வாராவாரம் புதிதாவது மட்டும் கண்ணில் படவில்லை. ஓரக்கா பையைக் கீழே வைத்தாள். மேசை மேல் ஈரம் காயாமல் கிடந்த தன் படத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஃபேனை நிறுத்துங்க. காத்துப் பட்டா நீலம் போயிடும்" என்றாள்.

அவர் நிறுத்தினார். இருவரும் வியர்த்துக்கொண்டே அது காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு வடிக்கவே மறந்துபோயிற்று. கண்டக்டர் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படம் ஒரு மாதம் நின்றது. அடுத்தது ஒரு கோடையைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஓரக்காவின் படம் ஊரார் படங்களைப் போலவே, அவர்களோடு சேர்ந்து சிவந்து, அவர்களோடு சேர்ந்து வெளுத்தது. அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை. மாற்றுகிற நாளில் அவர் பிரிண்ட் எடுப்பார், அவள் ஓரம் வெட்டுவாள். நீல உடைக்காரியை வாங்க யாரும் வரவில்லை, அவளும் வெளுக்கவில்லை. வருடங்கள் போயின. மை கம்பெனி மாறியது, பிரிண்டர் மாறியது, ஸ்டூடியோக்காரருக்கு முடி நரைத்தது. காலையில் ஓரக்காதான் அவள் முன்னால் இருக்கும் கண்ணாடியைத் துடைக்கிறாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் படம் எடுக்க வந்து, அது எப்படி அப்படியே இருக்கிறது என்று கேட்டால், அவங்க அப்படித்தான் என்கிறாள். அப்படியானால் எங்கள் படமும் வெளுக்காதா என்று கேட்பவர்களிடம், கத்தரியிலிருந்து கண் எடுக்காமல் சொல்வாள்:

"உங்களது வெளுக்கும். வெளுத்தா கொண்டு வாங்க, வேற போட்டுத் தர்றோம்."