அண்ணன் எழுதிய நாற்பது வரிகள்

அண்ணனும் தங்கையும் ஒரே வங்கியில், ஒரே அறையில், முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை செய்தவர்கள். நிலைமை மோசமானால் வங்கிக்கு எவ்வளவு நஷ்டம் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர்கள் வேலை. அதற்கான கணினி நிரலை அண்ணன் பதினோரு வருடமாக ஒட்டுப்போட்டு வளர்த்திருந்தான். ஒரு பகுதி எழுதி வைத்த எண்ணை இன்னொரு பகுதி சத்தமில்லாமல் மாற்றிவிடும். காலையில் ஒரு விடை, மத்தியானம் ஒரு விடை.

தங்கை அதை ஃபங்ஷனல் புரோகிராமிங் முறையில் புதிதாக எழுதினாள். ஒவ்வொரு ஃபங்ஷனும் கொடுத்ததை வாங்கி விடையைத் தரும். அடுத்தவர் எண்ணில் கை வைக்காது. நூறு தடவை ஓட்டினாலும் விடை இம்மி பிசகாது. அதோடு நின்றிருக்கலாம். மேலதிகாரிகள் கூடிய கூட்டத்தில் அண்ணனுடைய நிரலை இரண்டு முறை ஓட்டிக் காட்டினாள். இரண்டு விடை வந்தது.

"இது ரிஸ்க் மாடலா, லாட்டரி சீட்டா?" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு, எட்டு மணி நேர ரயில் தூரத்திலிருந்த கிளைக்குப் போய்விட்டான். மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணி மட்டும் எப்போதாவது கூப்பிடுவாள். "நல்லாத்தான் இருக்கார்" என்பாள். அதற்கு மேல் கேட்கத் தங்கைக்கு வாய் வராது.

அவன் இடத்தில் இப்போது பிரின்டர் இருந்தது. அது புஸ்ஸென்று மூச்சுவிடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். ஏதாவது சிக்கல் அவிழ்ந்தால், "அண்ணா, இங்க பாரேன்" என்று பாதி வந்த சொல்லை விழுங்கிக்கொள்வாள்.

மூன்றாவது வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அவள் மாடலைப் பொறுமையாகப் பார்த்தார்.

"விடை மாறல, சரி. ஆனா கடன் வாங்கினவங்க எல்லாரும் தனித்தனியாதான் நொடிச்சுப் போவாங்கன்னு வச்சிருக்கீங்களே?"

அவள் உடனே அண்ணனுடைய பழைய நிரலைத் திறந்து தேடினாள். குப்பை என்று தான் வெட்டி எறிந்த நாற்பது வரிகளில் ஒருவர் நொடித்தால் கூட இருப்பவர்களும் சேர்ந்து நொடிக்கும் கணக்கு இருந்தது. அண்ணனுடைய போன் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணா... நான்தான்."

"சொல்லு."

"ஊர்வாரியா எல்லாரையும் சேத்து இழுக்கிற மாதிரி நாப்பது வரி எழுதியிருந்தியே, அதை எங்கேருந்து எடுத்தே?"

"எங்கேருந்தும் எடுக்கல. அப்பாவோட ஃபேக்டரிய மூடினப்ப நீ சின்னப் பொண்ணு. மொதல்ல அப்பா வேலை போச்சு. அடுத்த மாசம் எதிர்ல இருந்த ஓட்டல். அப்புறம் தையல்காரர், சைக்கிள் கடை. ஒருத்தர் விழுந்தா தனியாவா விழறாங்க?"

"நான் அதைக் குப்பைன்னு தூக்கிட்டேன்."

"தெரியும். உன் நிரல கூட்டத்துல காட்டினப்பவே பாத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தீங்க."

அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அந்த நாற்பது வரிகளைச் சுத்தமான ஃபங்ஷனாக எழுதிச் சேர்த்தாள். கணித்த நஷ்டம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதை யோசித்தது அண்ணன், நீக்கியது தான் என்று ஆய்வு அதிகாரிக்கான அறிக்கையில் பச்சையாக எழுதினாள். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்களே" என்றார் மேனேஜர். அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். இரண்டு வாரம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை ரயிலேறிவிட்டாள்.

கதவைத் திறந்தது அண்ணன்தான். காதோரம் நரைத்திருந்தது. அவள் கையைப் பார்த்தான்.

"லேப்டாப் கொண்டு வரலியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்தே?"

"உன்னைப் பாக்கணும் போல இருந்துது."

அவன் கதவை அகலத் திறந்தான். பிறகு உள்ளே திரும்பி, "யாரு வந்திருக்கா பாரு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தான்.